குரக்கனும் குடலும்

விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இளைஞர், தமிழாசிரியராகிய நாம் சங்கச் செய்யுளைப் பற்றியோ சைவ மரபைப் பற்றியோ ஏதேனும் எழுதித் தருவோம் என்றே எண்ணிச் சென்றிருப்பார். குடலைப் பற்றி எழுதப் போகின்றோம் என்பதை அப்பொழுது அவருக்கு நாம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறொருவரை நாடியிருப்பாரோ என்னவோ!

வயிற்றைச் சபையில் எடுத்துப் பேசத் தமிழர் என்றும் கூசியவரல்லர். மகிழ்ச்சி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது என்கின்றோம். அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைத்தது என்கின்றோம். அழுக்காறு வந்தால் வயிறு எரிகின்றது. பிள்ளையைப் படிக்க வைப்பதற்கு வாயையும் வயிற்றையும் கட்டுகின்றோம். இத்துணையும் பேசும் நாம், அவ்வயிற்றுக்குள்ளே நிகழும் தொழிலைப் பற்றியும், அத்தொழிலின் முடிவில் காலைதோறும் நிகழ வேண்டியதைப் பற்றியும் மட்டும் வாய் திறப்பதில்லை. பெரியோர் வைத்தியரிடத்திலும் குரலைத் தாழ்த்துகின்றனர். சிறுவரோ எவரிடத்திலும் சொல்லாது அடக்கிக் கொள்கின்றனர். அச்சிறுவர் பொருட்டே இக்கட்டுரை பெரும்பாலும் எழுதப்படுகின்றது.

நமது துறையை முற்றாக விட்டு வந்துவிட்டோம் என்றும் கொள்ள வேண்டா. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்பது பெயர். அதிலுள்ள பத்துக் குறளையும் வகுப்பில் கற்பிக்குந்தோறும் மாணவரிடம் நாம் ஒரு கேள்வி கேட்பது வழக்கம்: இவ்வதிகாரத்தில் எத்தனை மூலிகைகளின் பெயர் வருகின்றது? மாணவர் தேடிப் பார்த்து ஒன்றுமில்லை என்பர். வேரும் இல்லை, இலையும் இல்லை, குளிகையும் இல்லை. முன் உண்டது அற்றதா என்று அறிந்து உண்பதும், அளவறிந்து உண்பதும், உடற்கு மாறுபடாதவற்றை உண்பதுமே அங்கு மருந்தெனப் பெயர் பெற்றன. சமிபாட்டைப் பற்றி எழுதிவிட்டு அதற்கு மருந்து என்று தலைப்பிட்ட புலவனின் துணிவை நாம் வியவாத நாளில்லை.

நிற்க. குடல் என்பது யாது? சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர் நீளம். பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். நாம் உண்ட சோற்றின் மாப்பொருளும் பருப்பின் புரதமும் தேங்காயின் கொழுப்பும் சிறுகுடலிலேயே பிரிந்து உடலிற் சேர்ந்துவிடுகின்றன. எந்த நொதியத்துக்கும் இடங்கொடாத நார்ப்பொருளே பெருங்குடலை அடைகின்றது. அங்கே அதற்காகக் காத்திருப்பவை பற்றீரியாக்கள். மனித உடலிற் குடியிருக்கும் பற்றீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்று 2016இல் வெளிவந்த ஒரு கணக்கு கூறுகின்றது. நம் உடலின் சொந்தக் கலங்களோ ஏறத்தாழ 30 இலட்சம் கோடியே. வீட்டுக்காரரை விஞ்சிய குடியிருப்பாளர்! ஆயினும் வாடகை தவறாது கொடுப்போர். நாரை அவை புளிக்கச் செய்து சிறு கொழுப்பமிலங்களாக்கித் தருகின்றன. அவற்றுள் பியூற்றிரிக்கமிலம் என்பதே பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு முதன்மையான எரிபொருள். நார் வராத நாளில் அக்குடியிருப்பாளருட் சில, வேறு உணவின்மையால், குடற்சுவரைப் போர்த்திருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குகின்றன.

இவ்வுண்மைகள் ஒரு நாளில் தெரியவந்தவையல்ல. உருசியப் பேரரசிற் பிறந்து பாரிசில் ஆய்வு செய்தவரும் 1908இல் நோபெல் பரிசு பெற்றவருமான மெச்னிக்கோவ், புளித்த பாலிலுள்ள பற்றீரியாக்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என நம்பித் தாமும் நாள்தோறும் அருந்தினார். அவர் எதிர்பார்த்த அளவுக்கு ஆயுளை அது நீட்டுமென்று இன்று எவருஞ் சொல்லார். குடலின் நுண்ணுயிர்கள் நம் நலத்தோடு தொடர்புடையன என்ற அவர் கருத்தோ நிலைத்துவிட்டது. அவருக்குப் பின் உகண்டாவிற் பல்லாண்டு அறுவை வைத்தியராயிருந்த டெனிஸ் பேர்கிற் என்பார், தம் தாயகத்தில் மலிந்துகிடந்த மலச்சிக்கல், மூலம், பெருங்குடற் புற்றுநோய் முதலியன ஆபிரிக்கக் கிராமத்தவரிடம் அருகியிருப்பதைக் கண்டு, இரு திறத்தாரும் கழிக்கும் மலத்தின் எடையையும் உணவு உடலைக் கடக்க எடுக்கும் நேரத்தையும் ஒப்பிட்டார். பெரிய வைத்தியர் ஒருவர் மலத்தை நிறுத்துப் பார்ப்பதா என்று நகைத்தோரும் இருந்தனர். தீட்டிய தானியமும் தீட்டாத தானியமுமே இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் என 1970களில் அவரும் அவர் நண்பர் திரவெலும் எழுதியவை, உலகெங்கும் உணவு பற்றிய எண்ணத்தை மாற்றின.

உகண்டாவுக்குப் போக நமக்கு வாய்க்கவில்லை; வில்கமுவவுக்குப் போக வாய்த்தது.

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில், மகாவலி கங்கையை அடுத்துக் கிடப்பது வில்கமுவ. மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை ஏறி, மேகம் தவழும் ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, லக்கலைப் பக்கமாக இறங்கினால், தேயிலையும் ஏலமும் மறைந்து, குளிர் நீங்கி, பாலையும் வீரையும் நிற்கும் உலர்வலயக் காடு எதிர்ப்படும். ஒரே மாவட்டத்துக்குள் இரு தேசங்கள் உள்ளனவோ என ஐயுறுவோம். 1984இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவக் காடு அங்கே அண்டையிலுள்ளது. யானைகள் எல்லைக் கல்லை வாசித்து நடப்பவையல்ல ஆதலின், பயிர் விளையும் காலத்தில் உழவர் பரணில் இரவைக் கழிக்கின்றனர். ஆசிரியர் வகுப்பொன்றில் அறிமுகமாகிப் பின் நண்பரான சிங்கள ஆசிரியர் ஒருவரின் இல்லம் அங்குள்ளது. அவருடைய அழைப்பின்பேரில் ஒரு தைமாத விடுமுறையில் மூன்று நாள் அவ்வில்லத்தில் தங்கினோம்.

சேனையில் குரக்கன் அறுவடையாகும் காலம் அது. பெருமழைக்கு முன் புதர் வெட்டி எரித்த நிலத்தில் குரக்கனையும் சோளத்தையும் பயற்றையும் பூசணியையும் கலந்து விதைத்திருந்தனர். நண்பரின் அன்னையார் எண்பது அகவையைக் கடந்தவர். விரல் மடக்கியது போன்ற கதிர்களை ஒவ்வொன்றாகக் கொய்து மடியிற் கட்டிக்கொண்டு, நம்மினும் விரைவாக மேட்டில் ஏறினார். மாலையில் திரிகையின் முன் அமர்ந்து மா அரைத்தார். இரவில் கொதிநீரில் அம்மாவைக் கொட்டித் துடுப்பாற் கிண்டித் 'தலப்ப' செய்தார். நாம் களி என்பது அதனையே. பொலோஸ் கறியும், தேங்காய்த் துருவலிட்டுச் சுண்டிய வல்லாரையும், குளத்து மீனும் உடன் வந்தன.

"மாத்தயாவுக்கு இது இறங்குமா?" என்று அவர் ஐயுற்று வினவினார். நாம் இரண்டாம் உருண்டையைக் கேட்ட பின்னரே அவர் ஐயம் நீங்கிற்று.

"அம்மா, இதனை நாள்தோறும் உண்பீர்களா?" என்றோம்.

"முன்பு நாள்தோறும். இப்போது இந்த வீட்டில் நானும் மகனுமே. குரக்கன் தின்றவனுக்கு விடியலில் மணிக்கூடு வேண்டாம், மாத்தயா," என்றார் முதியவர்.

இருபொருளும் நயமும் பொருந்திய அவ்வாக்கைக் கேட்டுப் பேரன் வெட்கி உள்ளே போய்விட்டான். அவன் கையில் இருந்தது உடனடி நூடுல்ஸ் கிண்ணம்.

குரக்கன் இந்நாட்டுக்குப் புதிதன்று. 1660 முதல் பத்தொன்பது ஆண்டுக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பிச் சென்ற ஆங்கிலேயனாகிய றொபேட் நொக்ஸ், 1681இல் அச்சிட்ட தன் நூலில், கடுகு போன்ற சிறு மணியுடைய இத்தானியத்தையும் அதன் மாவிற் செய்யும் அடையையும் விவரித்திருக்கின்றான். பூச்சி அரிக்காமல் ஆண்டுக்கணக்கிற் கிடக்கும் தானியம் ஆதலின், மழை பொய்த்த ஆண்டுகளில் உலர்வலயத்தைக் காத்தது இதுவே. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின்னர், கொழும்பின் பெருங்கடைகளில் வண்ண உறையிட்டு விற்கின்றனர். வில்கமுவ அன்னையாருக்கு அவ்வறிவிப்பு எட்டியதாகத் தெரியவில்லை.

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் போசாக்கு நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். 100 கிராம் குரக்கனில் நார் ஏறத்தாழ 11 கிராம். தீட்டிய பச்சையரிசியில் 2.8 கிராம், வெள்ளைக் கோதுமை மாவிலும் ஏறத்தாழ அவ்வளவே, பாசிப்பயற்றில் 17 கிராம். சுண்ணாம்புச் சத்தோ குரக்கனில் 364 மில்லிகிராம், அரிசியில் 10ஐ ஒட்டியது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது உண்ண வேண்டுமென உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 60 கிராம் குரக்கன் மாவிற் செய்த களியும், 40 கிராம் பயறு அவித்த சுண்டலும் உண்டால் பதின்மூன்று கிராமுக்கு மேல் வந்துவிடும்; பாதிக்கு மேல் கடன் தீர்ந்தது. மிச்சத்தைக் கீரையும் பலாக்கொட்டையும் வாழைப்பழமும் தீர்க்கும். 100 கிராம் வெள்ளைப் பாணைச் சம்பலோடு உண்டு கல்லூரிக்கு வருபவனுக்கோ அக்கடனில் பெரும்பகுதி அப்படியே நிலுவையில் நிற்கின்றது.

கோதுமை மா நம் அடுக்களையில் எவ்வாறு ஆட்சி பெற்றது என்பது தனி வரலாறு. 1942இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீட்டுக் காலத்தில் வயிற்றை நிரப்ப மாவே கிடைத்தது. போர் முடிந்தும் அரிசித் தட்டுப்பாடு முடியவில்லை. 1953இல் பங்கீட்டரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதும் நாடே ஹர்த்தாலில் எழுந்ததைப் பழைய மாணவருள் முதியோர் அறிவர். 1980இல் திருகோணமலையில் பெரிய மாவாலை இயங்கத் தொடங்கிய பின், பாண் இல்லாத கிராமம் இல்லையாயிற்று. தோட்டப்புறங்களிலோ, விடியுமுன் மலையேறும் தாய்க்கு விரைவிற் சுடவும் சுமக்கவும் ஏற்றது கோதுமை றொட்டியே. ஆகவே றொட்டியை உண்பவரை நாம் குறை கூறோம். வறுமையும் நேரமின்மையும் தெரிந்தெடுத்த உணவு அது. அதனோடு ஒரு பிடி பயறோ, முருங்கையிலை வறையோ சேர்க்க இயலுமா என்பதே நம் கேள்வி. மாவின் மூன்றிலொரு பங்கைக் குரக்கனாக்கிப் பிசைந்தால் றொட்டி கறுக்கும், கெடாது. இதனை நம் இல்லத்தில் செய்து பார்த்தே சொல்கின்றோம். பிள்ளைகள் முதல் வாரம் முகஞ்சுழித்தனர். தேங்காய்ப்பூ சற்றுக் கூடியபின் சுழிக்கவில்லை.

அரிசியையும் தள்ள வேண்டியதில்லை. தவிடு போகத் தீட்டாத சிவப்பரிசி நம் சந்தையில் கிடைக்கின்றது. சோற்றைப் பற்றி நம்மவர் செய்த ஓர் ஆய்வையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். கொழும்பு இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் பயின்ற சுதைர் ஜேம்ஸ் என்னும் மாணவரும், அவரை வழிநடத்திய புஷ்பராஜா தவராஜா அவர்களும், இலங்கையில் கிடைக்கும் 38 வகை அரிசிகளை எடுத்து, எவ்வாறு சமைத்தால் சமிபாட்டுக்கு இடங்கொடாத மாப்பொருள் மிகும் என ஆய்ந்தனர். கொதிநீரில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு, அரைக் கோப்பை அரிசியைச் சமைத்துப் பன்னிரண்டு மணி நேரம் குளிரூட்டியில் வைத்தால் அது மிகுகின்றது என்றும், மீண்டுஞ் சூடாக்கினாலும் மாறுவதில்லை என்றும் 2015இல் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் கூட்டத்திற் கூறினர். அம்மாப்பொருள் நாரைப் போன்றே பெருங்குடலை அடைந்து பற்றீரியாக்களுக்கு உணவாகின்றது.

இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்து விடியலில் சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்து உண்ட நம் பாட்டனார் இதனைக் கேட்டால் மீசையை முறுக்குவார். பழஞ்சோற்றில் இன்னொரு நன்மையும் உண்டு. இரவு முழுதும் இலற்றிக்கமிலப் பற்றீரியாக்கள் அதனைப் புளிக்க வைக்கின்றன. ஆயினும் பழமை என்ற ஒன்றுக்காகவே எதனையும் போற்றுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆக்கிய சோறு வெப்பமான இடத்தில் நெடுநேரம் திறந்து கிடந்தால், சூட்டுக்கும் சாகாத நஞ்சினை உண்டாக்கும் பற்றீரியா ஒன்று அதிற் பெருகும். திருமண வீட்டுச் சோற்றால் வாந்தியெடுப்போர் பலர் இதனாலேயே எடுக்கின்றனர். ஆதலின் கழுவிய கலம், கொதித்தாறிய நீர், மூடி, விடிந்தவுடன் உண்ணல் ஆகிய நான்கும் இன்றேல் பழஞ்சோறு வேண்டா. எருமைத் தயிர் உண்பாருக்கும் இதுவே சொல்வோம்; சட்டியின் மேற்பரப்பு நிறம் மாறியிருந்தால் விலையைப் பாராது கொட்டிவிடுக.

வில்கமுவவைப் பற்றி இதுகாறும் சொன்னவற்றைக் கொண்டு அது நலமே குடிகொண்ட ஊர் என்று எவரும் கருதிவிடலாகாது. நண்பரின் இல்லச் சுவரில் அவர் தந்தையாரின் படம் மாலையிட்டுத் தொங்கிற்று. அவரும் குரக்கனே உண்டவர்; சேனையில் உழைத்தவர்; மெலிந்த உடல்; நீரிழிவும் இல்லை, இரத்த அழுத்தமும் இல்லை. சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலிற் கவனிக்கப்பட்டு, 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்றே பெயரிடப்பட்ட அக்கொடிய பிணி, வில்கமுவவையும் விட்டுவைக்கவில்லை. நிலத்தடி நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய நஞ்சுகள், வெயிலில் நீரின்றி உழைத்தல் என்று பலவற்றை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். நண்பர் இல்லத்தில் கிணறு இருந்தும், சுத்திகரித்த நீரைக் கலன்களில் வாங்கி வந்தே குடிக்கின்றனர். அக்கலன்களைத் துவிச்சக்கர வண்டியில் கட்டிக்கொண்டு நண்பர் வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்னையார் கிணற்றங்கரைப் பக்கம் திரும்பியும் பாராமல், "அவர் அந்தத் தண்ணீரை அமிர்தம் என்பார், மாத்தயா," என்றார்.

நீரைப் பற்றி நாம் இத்துணை சொல்வதற்குக் குடலை முன்னிட்டும் காரணம் உண்டு. நார் என்பது நீரை உறிஞ்சிப் பருத்து மலத்தை இளக்கும் பொருள். நீரின்றி நாரை மட்டும் மிகுப்பவன் குழாயில் உலர்ந்த வைக்கோலைத் திணிப்பவனை ஒப்பான். ஆகவே உணவில் நாரைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. கூடவே நீரையும் கூட்டுக. முதல் வாரத்தில் வயிறு சற்று உப்பினால் அஞ்சற்க. சிறுநீரக நோயுற்றோர்க்கோ இது பொருந்தாது. கீரை, வாழைப்பழம், பயறு முதலியவற்றிலுள்ள பொற்றாசியமும், குடிக்கும் நீரின் அளவும் அவர்க்குக் கணக்குப் பார்த்தே கொடுக்கப்படுவன. அவர் தம் வைத்தியர் சொற்படியே நடத்தல் வேண்டும்.

இனிச் சிறுவரிடம் வருவோம். முன்னர் நாம் கற்பித்த பாடசாலை ஒன்றில், ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் நான்காம் பாடவேளை வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக அனுமதி கேட்பான். வாரத்தில் மூன்று நாளாவது கேட்பான். கள்ளன் என்றனர் சிலர். கணக்குப் பாடத்துக்கு அஞ்சுகிறான் என்றனர் வேறு சிலர். தமிழில் நல்ல நாவுள்ள பிள்ளை. விவாத அணிக்குத் தெரிவாகியும் போட்டி நாளன்று வரவில்லை. அவனைத் தனியே அழைத்து நெடுநேரம் பேசிய பின்னர் உண்மை வெளிவந்தது. ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வெறும் வயிற்றுடன் புறப்படுவான். பாடசாலை மலசலகூடத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை; வாளியில் நீருமில்லை. மாலை நாலு மணி வரை அடக்குவான். நான்கு நாளைக்கு ஒருமுறையே மலங்கழியும். அதுவும் குருதி கசிய.

இதன் இயக்கத்தை விளங்கிக்கொள்ளல் கடினமன்று. இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் தானே அசையத் தொடங்குகின்றது. காலையுணவின் பின்னர் இவ்வசைவு மிக வலிது. அரைமணி நேரத்துக்குள் அழைப்பு வரும். வெறும் வயிற்றுடன் புறப்படுபவனுக்கு அழைப்பே வருவதில்லை; வந்த அழைப்பை அடக்குபவனுக்கோ பெருங்குடல் மலத்திலுள்ள நீரை மேலும் மேலும் உறிஞ்சி அதனைக் கல்லாக்குகின்றது. கல்லானது நோவைத் தரும். நோவுக்கு அஞ்சி மீண்டும் அடக்குவான். நாளடைவில் குதம் விரிந்து, நிரம்பியதை உணரும் உணர்ச்சியையும் இழக்கின்றது. ராஜிந்திரஜித், தேவநாராயண முதலிய இலங்கை வைத்தியப் பேராசிரியர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், 10 முதல் 16 வயது வரையான பாடசாலை மாணவருள் நூற்றுக்கு 15.4 பேருக்கு மலச்சிக்கல் இருந்தது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் அது ஆறு பேர். போர் நடந்த பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளிடத்தும், பாடசாலையிலும் வீட்டிலும் மனவழுத்தத்துக்கு உள்ளானோரிடத்தும் அது மிகுந்திருந்தது என்பதையும் அவர்கள் கண்டனர். அஞ்சினால் வயிற்றில் புளியைக் கரைக்கின்றது என்று மொழி சொன்னதை விஞ்ஞானமும் மறுக்கவில்லை. மூளையும் குடலும் நரம்பால் பேசிக்கொள்கின்றன.

அம்மாணவனைப் பெற்றோர் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். மலத்தை இளக்கும் மருந்தைச் சில மாதம் விடாது கொடுத்தார் வைத்தியர். அவன் அன்னையார் அரைமணி முன்னதாக எழுந்து கஞ்சியோ அவித்த பயறோ கொடுத்தார். உண்டபின் பத்து நிமிடம் அவசரமின்றி, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும், மலசலகூடத்தில் இருக்கப் பழகினான். அடுத்த தவணையில் நான்காம் பாடவேளையில் அவன் கை உயரவில்லை. மறுவருட விவாதத்தில் எதிரணித் தலைவனை அவன் மடக்கியதைப் பார்த்தவர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம்.

வேறு சிலவற்றைச் சுருங்கச் சொல்லிச் செல்வோம். மாதந்தோறும் பேதி குடித்துக் குடலைக் கழுவுதல் நம் முன்னோர் வழக்கம். நலமான குடலுக்கு அக்கழுவல் வேண்டியதில்லை, சிறுவருக்கு அது தீங்காகவும் முடியும். 'காஸ்றிக்' என்று நம்மவர் நெஞ்சைத் தடவுவதெல்லாம் உணவு பிந்தியதால் வருவதன்று. இரைப்பைப் புண்ணுக்குப் பற்றீரியா ஒன்றே பெருங்காரணம் என அவுத்திரேலியரான மார்சலும் வொறனும் காட்டி 2005இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆதலின் ஆண்டுக்கணக்கில் கடையில் குளிகை வாங்கி விழுங்குவதை விடுத்து ஒருமுறை பரிசோதித்துக் கொள்ளல் நன்று. தடிமனுக்கும் காய்ச்சலுக்கும் நுண்ணுயிர்கொல்லிகளைத் தாமே வாங்கி உண்போர், குடலிலுள்ள நல்ல குடியிருப்பாளரையும் சேர்த்தே வெளியேற்றுகின்றனர். வயிற்றோட்டம் கண்டால் உணவை நிறுத்தாது கஞ்சியும் ஜீவனியும் கொடுக்க. 1971இல் வங்க அகதி முகாமில் வைத்தியர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரைக் குடிக்கக் கொடுத்தே கொள்ளைநோயிலிருந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டார். நடக்க, குடலும் உடன் நடக்கும். மலத்தில் குருதி, காரணமற்ற மெலிவு, நாற்பது அகவைக்கு மேல் திடீரெனப் பழக்கம் மாறுதல் ஆகிய இவை கண்டால், குரக்கனை நம்பி ஒரு கிழமையும் காத்திராது வைத்தியரை நாடுக. மூலம் என்று தாமே முடிவு கட்டி நாட்டு எண்ணெய் தடவிக்கொண்டிருந்து, புற்றுநோய் முற்றியபின் வைத்தியசாலை சென்ற ஆசிரிய நண்பர் ஒருவரை நாம் இழந்தோம். அவர் ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளே இருந்தன.

விழாவை முன்னிட்டுக் கல்லூரிக்கு என்ன செய்யலாம் எனப் பழைய மாணவர் பலர் கடிதம் எழுதி வருவதாக அறிகின்றோம். வளைவு என்கின்றனர் சிலர். மணிக்கூட்டுக் கோபுரம் என்கின்றனர் சிலர். நம் விண்ணப்பம் சிறியது. மாணவர் மலசலகூடங்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து பூட்டத்தக்க தாழ்ப்பாள், ஓயாது வரும் நீர், சவர்க்காரம், நாள்தோறும் துப்புரவு செய்பவர்க்கு நியாயமான ஊதியம். சிற்றுண்டிச்சாலையில் பணிஸும் ரோல்ஸும் இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு அருகே, அவற்றினும் குறைந்த விலையில் அவித்த பயறும் கடலையும் இலைக்கஞ்சியும். காலைக் கூட்டத்துக்குப் பின் பத்து நிமிடம், எவரும் எதற்கென்று கேளாது, வேண்டுவோர் சென்றுவர விடுதல். இவற்றுள் இறுதியானதற்குப் பணமே வேண்டா. நேரசூசியில் ஒரு கோடு மாற்றினாற் போதும். தாழ்ப்பாள்களையும் குழாய்களையும் எண்ணி, கடைகளில் விலை கேட்டு, பட்டியலொன்றை எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கின்றோம். வில்கமுவ நண்பரும் தம் சேனையிலிருந்து ஒரு மூடை குரக்கன் அனுப்புவதாகக் கூறியுள்ளார். லொறிக் கூலியை ஏற்போர் பெயர் தரலாம்.